வெள்ளிக்கிழமை ட்ரெய்லர்

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, எங்கள் தொழிற்சாலையின் பின்வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கும். அதன் பின்னால் வேனைவிட உயரமாகச் சுமை ஏற்றிய ட்ரெய்லர். சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்ட பெரிய பைகள், மெத்தைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், எண்ணெய்க் கேன்கள், மக்காச்சோள மாவு மூட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே கவிழ்த்துக் கட்டிய ஒரு கைவண்டி. ஓட்டுநரின் கையில் முனை மடங்கிய நோட்டு ஒன்று இருக்கும். சம்பளம் வாங்கிய கையோடு எங்கள் தொழிலாளர்கள் அவர் முன்னால் வரிசையில் நிற்பார்கள்.

2016 முதல் 2022 வரை ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள இசாண்டோ தொழிற்பேட்டையில் கணக்காளராக இருந்தேன். சம்பளப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. அங்கே வேலை செய்த ஜிம்பாப்வேக்காரர்கள் எல்லோருக்கும் அந்த நாட்டவருக்கென்று தென்னாப்பிரிக்கா கொடுத்த சிறப்பு அனுமதி இருந்தது. வங்கிக் கணக்கும் இருந்தது. ஆனாலும் சம்பளம் கணக்கில் ஏறிய அன்றே பணத்தை வெளியே எடுத்து, அந்த ட்ரெய்லர்காரரிடம் கொடுத்தார்கள். ராண்ட் என்பது தென்னாப்பிரிக்கப் பணம்; 100 ராண்ட் ஊருக்குப் போய்ச் சேர 20 ராண்ட் கூலி. முதல் தடவை கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

அந்த ஓட்டுநரைப் போன்றவர்களை ஜிம்பாப்வேயின் இந்தெபெலே மொழியில் மலயிட்சா என்பார்கள்; சுமை ஏற்றுபவர் என்று பொருள். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வடக்கே 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடினால் ஜிம்பாப்வே எல்லையான லிம்போபோ ஆறும் பெய்ட்பிரிட்ஜ் எல்லைச் சாவடியும் வரும். அங்கிருந்து இன்னும் 300 கிலோமீட்டருக்கு மேல் போனால் புலவாயோ நகரம். அதையும் தாண்டி மண்சாலையில் போய், எந்த வங்கியும் எட்டிப் பார்க்காத கிராமத்தில், வீட்டு வாசலில் மூட்டையை இறக்கி, கிழவியின் கையில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவார் மலயிட்சா.

எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்த பெண்மணியும் அந்த வரிசையில் நிற்பார். அவரை நான் 'சிசி' என்று கூப்பிடுவேன், அக்கா என்பதுபோல. அவர் என்னை 'பூத்தி' என்பார், சகோதரன். புலவாயோவுக்கு வடமேற்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சொலொட்சோ பகுதியில் ஒரு கிராமம் அவருடையது. பணவீக்கத்தில் அந்த நாடு மூழ்கிக்கொண்டிருந்த 2008-ல் இங்கே வந்தவர். பிள்ளைகள் இரண்டு பேரும் பாட்டியிடம் வளர்ந்தார்கள்.

என் அப்பா மஸ்கட்டில் இருந்தவர். மயிலாடுதுறைப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் டிராஃப்ட் வரும். அதை மாற்ற அம்மா வங்கிக்கு மூன்று நடை நடப்பார். பணம் அனுப்புவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் 2018-ல் ஒரு நாள் சிசியை உட்காரவைத்து, முறையான கம்பெனி வழியாக அனுப்பினால் பாதிச் செலவுதான் ஆகும் என்று தாளில் எழுதிக் காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அதே தாளைத் திருப்பித் தன் கணக்கை எழுதினார். கம்பெனியின் கட்டணம் 100 ராண்ட். அம்மா புலவாயோவுக்குப் போய்வர பஸ் கட்டணம் ஏறத்தாழ 120 ராண்ட். அன்று ஆட்டை மேய்க்கப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். அங்கே போய் நின்றால் பணம் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வா என்பார்கள். அப்படியானால் ஓர் இரவு யார் வீட்டிலாவது தங்க வேண்டும். "1,000 ராண்டுக்கு மலயிட்சா 200 வாங்குகிறார். என் அம்மா வீட்டைவிட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை" என்றார். என் தாளில் அனுப்புகிறவரின் செலவு மட்டும்தான் இருந்தது. வாங்குகிறவரின் செலவுக்கு நான் ஒரு கட்டம்கூடப் போட்டிருக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். மலயிட்சா கடனுக்கும் கொண்டுபோவார். கைச்செலவுக்குக் காசில்லாத மாதத்தில் மாவும் எண்ணெயும் முதலில் ஊருக்குப் போய்விடும். பணத்தை அடுத்த சம்பளத்தில் கொடுத்தால் போதும். சிசியின் சம்பளக் கணக்கு இருந்த வங்கி, அனுமதிச் சீட்டு முடியும் தேதியைக் காட்டி அவருக்கு 500 ராண்ட்கூடக் கடன் தரவில்லை.

பணமாக அனுப்பாமல் பாதிக்கு மேல் மாவாகவும் சோப்பாகவும் ஏன் அனுப்புகிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது. 2019 பிப்ரவரியில் புரிந்தது. ஜிம்பாப்வே தன் பணத்தைக் கைவிட்டு 2009 முதல் அமெரிக்க டாலரையும் பிற நாட்டுப் பணத்தையும் பயன்படுத்தி வந்த நாடு. டாலர் தாள் குறையவே 2016 கடைசியில் பாண்டு நோட்டு என்று ஒன்றை அச்சடித்து, இதுவும் டாலருக்குச் சமம் என்றார்கள். வங்கிக் கணக்கில் இருந்த எண்ணும் டாலர் என்றே சொல்லப்பட்டது. 2019 பிப்ரவரியில் அந்த எண்களெல்லாம் புதிய உள்நாட்டுப் பணமாக அறிவிக்கப்பட்டன. முதல் நாள் விலையே ஒரு டாலருக்கு 2.50. ஜூன் மாதத்தில் கடைகளில் வெளிநாட்டுப் பணம் செல்லாது என்று உத்தரவும் வந்தது; 2020 மார்ச் கடைசியில்தான் அதைத் தளர்த்தினார்கள். சிசியின் அண்ணன் புலவாயோவில் பள்ளி ஆசிரியர். தங்கை அனுப்பியதில் மிச்சம் பிடித்து, வீட்டுக்குக் கூரை போட வங்கியில் 1,400 டாலர் சேர்த்திருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அது நூறு டாலர் மதிப்புக்கும் கீழே போய்விட்டது. யாரும் திருடவில்லை. பாஸ்புத்தகத்தில் எண் மாறவும் இல்லை.

அதற்குப் பிறகு, வங்கி வாசலை மிதிக்காதவர்களைப் பற்றி 'விழிப்புணர்வு இல்லை' என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. மக்காச்சோள மாவு மூட்டை மதிப்பிழப்பதில்லை. எந்த உத்தரவும் அதை வேறொன்றாக மாற்றுவதில்லை. அவர்கள் அனுப்பியது உணவு மட்டுமல்ல, சேமிப்பும்தான்.

கைப்பேசிப் பணத்திலும் இதே கதை. கென்யாவில் 2007-ல் தொடங்கிய எம்-பெசாவைப் பார்த்து, ஆப்பிரிக்காவின் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. கென்யாவுக்கு அது உண்மையாகவே பெரிய விடுதலை. ஜிம்பாப்வேயிலும் 2011-ல் ஈகோகேஷ் வந்து ஏறத்தாழ எல்லார் கைக்கும் போனது. ஆனால் தாள் பணமே இல்லாத நாட்டில், போனில் இருக்கும் 100-ஐக் கையில் வாங்க முகவர்கள் 30, 40 வரை பிடித்துக்கொண்ட காலமும் இருந்தது. சிசியின் அம்மா அந்தப் போனை ஒரு பையில் சுற்றி உறியில் வைத்துவிட்டார்.

சிசி வங்கிக் கணக்கைத் தொடங்கியபோதே பட்ட பாடு தனி. அவர் ஜோஹன்னஸ்பர்க்கை அடுத்த தெம்பிசாவில் ஒரு வீட்டின் பின்முற்றத்துத் தகர அறையில் குடியிருந்தார். மின்கட்டண ரசீது, வீட்டு ஒப்பந்தம் எதுவும் அவர் பெயரில் கிடையாது. முகவரிச் சான்று இல்லாமல் கணக்குக் கிடையாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை வீட்டுக்காரியைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய், இவர் என் வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி முத்திரை வாங்கினார். தென்னாப்பிரிக்கக் காவல் நிலையங்களில் இந்த முத்திரைக்குக் கட்டணம் இல்லை. அதோடு எங்கள் கம்பெனியின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். கணக்குக் கிடைத்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்ல விரும்புகிறேன்: வேலையில் சேரும் அன்றே பெயர், அனுமதி எண், முகவரி மூன்றும் உள்ள கடிதம் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பத்து நிமிட வேலை, அவர்களுக்கு மூன்று நாள் கூலி மிச்சம்.

2020 மார்ச் 26 நள்ளிரவில் கொரோனா ஊரடங்கில் தென்னாப்பிரிக்கா முடங்கியது. பெய்ட்பிரிட்ஜில் சரக்கு லாரிகளைத் தவிர மற்ற போக்குவரத்து நின்றது. மலயிட்சாவின் ட்ரெய்லர் தெம்பிசாவில் ஒரு மரத்தடியில் சும்மா நின்றது. சொலொட்சோவில் அந்த ஆண்டும் மழை பொய்த்திருந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் சிசி எனக்குப் போன் செய்தார். அவர் எதையும் கெஞ்சிக் கேட்கிறவர் அல்லர். "பூத்தி, அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார்.

முகுரு, மாமா மணி, ஹலோ பைசா என்று அங்கே பணம் அனுப்பும் கம்பெனிகள் பல உண்டு. வாட்ஸ்அப்பில் பாஸ்போர்ட் படமும் முகப்படமும் அனுப்பினால் பதிவு செய்துகொள்வார்கள். போனில் ஓர் எண் வரும். பக்கத்து சூப்பர்மார்க்கெட் கல்லாவில் அந்த எண்ணைச் சொல்லிப் பணம் கட்டினால், ஊரில் இருப்பவருக்கு ரகசிய எண் போகும். நானும் அவரும் போனிலேயே எல்லாவற்றையும் செய்து முடித்தோம். அவர் 1,000 ராண்ட் கட்டினார். ஏப்ரல் நடுவில் பாட்டி, பேரனை அழைத்துக்கொண்டு, காவல் தடுப்புகளில் காரணம் சொல்லிச் சொல்லி நகரத்துக்குப் போனார். கவுன்டரில் பணம் தரவில்லை.

காரணம் பெயர். இந்தெபெலே வழக்கத்தில் திருமணமான பெண்ணை அவள் பிறந்த குலத்தின் பெயரோடு 'மா' சேர்த்துத்தான் அழைப்பார்கள். மோயோ குலத்தில் பிறந்தவள் சாகும்வரை ஊருக்கு மாமோயோ. கணவன் வீட்டுப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் தூங்கும். சிசி தன் அம்மாவின் பெயரை ஊர் அழைக்கும்படி எழுதியிருந்தார். அட்டையில் வேறு. அந்த அம்மாள் வெறுங்கையோடு திரும்பினார்.

அதைக் கேட்டபோது எனக்கு மஸ்கட் டிராஃப்ட்தான் ஞாபகம் வந்தது. அப்பா அம்மாவின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்து எழுதிவிட்டார். வங்கிப் புத்தகத்தில் அம்மாவின் இனிஷியல் தாத்தாவுடையது. ஜோஹன்னஸ்பர்க்கில் எனக்கே அதுதான் நேர்ந்தது. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லை என்பதை ஏற்க அங்குள்ள கணினிக்குத் தெரியவில்லை. அப்பாவின் பெயரை என் பெயராக ஏற்றிவிட்டார்கள். முதல் மாதச் சம்பளம் திரும்பிப் போயிற்று. வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த வலி இது. நாங்கள் செய்த மாற்று எளிது. பாட்டியின் அடையாள அட்டையைப் பேரன் போனில் படம் எடுத்து அனுப்பினான். அந்தப் படத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து பெயரைத் திருத்தினோம். மறுவாரம் பணம் கிடைத்தது. அதற்குப் பிறகு எங்கள் தொழிற்சாலையில் பணம் அனுப்புகிறவர்கள் எல்லோருடைய போனிலும் வாங்குகிறவரின் அட்டைப் படம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பெயரை வாயால் சொல்லிக் கேட்டு எழுதாதீர்கள். எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் இதைச் செய்யுங்கள்.

அந்த மாதங்களில் இருவரும் சேர்ந்து கற்றது நிறைய. கட்டணம் எவ்வளவு என்று கேட்பதை விட்டோம். நான் இங்கே 1,000 ராண்ட் கொடுத்தால் அங்கே கையில் எத்தனை டாலர் விழும் என்ற ஒரே கேள்வியை மூன்று இடத்தில் கேட்டோம். ஒரு கம்பெனியில் கட்டணம் 100 ராண்ட், டாலர் விலை 18.50, கையில் 48 டாலர் 65 சென்ட். இன்னொன்றில் பாதிக் கட்டணம் என்று பெரிய எழுத்தில் விளம்பரம், ஆனால் டாலர் விலை 20. கையில் 47 டாலர் 50 சென்ட். பாதிக் கட்டணம் என்ற எழுத்தை நம்பிப் போனவர்களுக்கு ஒரு டாலருக்கு மேல் நஷ்டம். அப்போது அந்த ஊரில் ஒரு டாலருக்கு ஒரு ரொட்டி வந்தது.

அடுத்து, வாங்கும் இடத்தில் எந்தப் பணமாகத் தருவார்கள் என்று அனுப்பும் முன்பே கேட்டோம். அமெரிக்க டாலர் தாளாகத் தருவேன் என்று சொன்ன இடத்தில் மட்டும் அனுப்பினோம். அதையும் முழு டாலராக வரும்படி அனுப்பினோம். ஜிம்பாப்வேயில் அமெரிக்க டாலர் தாள் உண்டு, அமெரிக்க சென்ட் நாணயம் கிடைப்பது அரிது. 48 டாலர் 65 சென்ட் என்றால் அந்த 65 சென்ட்டுக்கு மிட்டாயோ துண்டுச் சீட்டோதான் கிடைக்கும். கிழிந்த தாளையும் மிகவும் அழுக்கேறிய தாளையும் கவுன்டரிலேயே மாற்றி வாங்கச் சொன்னோம். பல கடைகளில் அவற்றை வாங்க மாட்டார்கள். மாதம் இருமுறை 500 அனுப்புவதைவிட ஒருமுறை 1,000 அனுப்பினால் பாட்டிக்கு ஒரு பஸ் பயணம் மிச்சம். ரகசிய எண்ணைப் பேரனிடம் மட்டும் சொன்னோம். சம்பளத்தை வெளியே எடுப்பதிலும் சிசி ஒன்று கண்டுபிடித்தார்: ஏடிஎம்மில் எடுப்பதைவிட சூப்பர்மார்க்கெட் கல்லாவில் அட்டையைத் தேய்த்துப் பணம் வாங்கினால் வங்கி பிடிக்கும் கட்டணம் மிகக் குறைவு. இதை அவர்தான் எனக்குச் சொன்னார். நான்கு ஆண்டுகளாக நான் ஏடிஎம்மில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இது எங்கள் தொழிற்சாலையில் மட்டும் நடந்ததில்லை. வெளிநாட்டிலுள்ள ஜிம்பாப்வேக்காரர்கள் முறையான வழியில் ஊருக்கு அனுப்பிய பணம் 2019-ல் ஏறத்தாழ 63 கோடி டாலர். 2020-ல் அது 100 கோடியைத் தொட்டது. பெருந்தொற்றில் மக்கள் திடீரென்று அதிகம் சம்பாதிக்கவில்லை. ட்ரெய்லர் நின்றது, அதுவரை யார் கண்ணிலும் படாத பணம் கணக்கில் தெரிந்தது. அதற்கு முன்னால் எவ்வளவு பணம் அந்தக் கட்டம் போட்ட பைகளுக்குள் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பணம் அனுப்பும் செலவை 2030-க்குள் 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவதாக உலக நாடுகள் ஐ.நா.வில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. உலகிலேயே பணம் அனுப்ப அதிகச் செலவாகும் பகுதி சஹாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காதான். ஜி20 நாடுகளில் அதிகச் செலவு தென்னாப்பிரிக்காவில். துபாயிலிருந்து இந்தியாவுக்கு அனுப்புகிறவர் கொடுப்பதைப்போலப் பல மடங்கை, ஒரு பாலத்தைத் தாண்டிப் பக்கத்து நாட்டுக்கு அனுப்புகிற துப்புரவுப் பெண் கொடுக்கிறார். ஏழையின் 1,000 ராண்டில் 100 ராண்ட் போவது ஒரு பிள்ளையின் ஒரு மாதப் பள்ளிச் செலவு போவது.

எல்லை திறந்த பிறகு சிசி முழுக்க என் பக்கம் வந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக் கட்டணம், மருந்து போன்ற அவசரத்துக்குக் கம்பெனி வழியாகப் பணம். மாவு, எண்ணெய், சர்க்கரைக்கு மலயிட்சா. டிசம்பர் மாதத்துக்கு ஸ்டோக்வெல். நம் ஊர்ச் சீட்டு போலத்தான், பத்துப் பெண்கள் மாதாமாதம் பணம் போட்டு ஆண்டுக் கடைசியில் மொத்தமாக மளிகை வாங்கிப் பிரித்துக்கொள்வார்கள். யாராவது இறந்தால் உடலை ஊருக்குக் கொண்டுபோகத் தனியாக ஓர் அடக்கச் சங்கம். நான்கு பைகளில் நான்கு காரியங்கள். அவரது நோட்டில் ஒவ்வொரு முறையும் கொடுத்த ராண்ட், கையில் விழுந்த டாலர், போய்ச் சேர்ந்த நாள் மூன்றும் இருக்கும். அந்த நோட்டைப் பார்த்துத்தான் எந்த மாதம் எந்த வழி என்று முடிவு செய்வார்.

2021 நவம்பரில், அந்தச் சிறப்பு அனுமதியை இனி நீட்டிக்கப்போவதில்லை என்று அரசு முடிவெடுத்த செய்தி வந்தது. ஏறத்தாழ 1,78,000 பேருடைய தலைக்கு மேல் கத்தி. சில நாட்களில் சிசிக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: செல்லத்தக்க ஆவணம் காட்டாவிட்டால் கணக்கு முடக்கப்படும். பிறகு கால நீட்டிப்பு வந்தது, மறுபடியும் வந்தது. ஆனால் அந்த டிசம்பரில் அவர் தூங்கவில்லை. கணக்கில் ஒரு மாதச் செலவுக்கு மேல் வைக்காமல் மீதியை ஊருக்கும் ஸ்டோக்வெல்லுக்கும் பிரித்தார். நீட்டிப்பை அறிவித்த அரசாணையை அச்சடித்துக் கொடுத்து, வங்கிக் கிளையில் காட்டிப் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வரச் சொன்னேன். அனுமதிச் சீட்டில் தேதி முடியப்போகிறவர்கள் கடைசி நாள்வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு முன்பே வங்கிக்குப் போய்விட வேண்டும். முடக்கிய கணக்கைத் திறப்பது புதுக் கணக்குத் தொடங்குவதைவிடக் கடினம்.

2022 ஜூலையில் நான் ஊருக்குப் புறப்பட்டேன். மெத்தை, இரண்டு நாற்காலிகள், அம்மா கொடுத்தனுப்பிய ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர் மூன்றையும் சிசியின் அம்மாவுக்கு அனுப்புவதாக முடிவு. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ட்ரெய்லர் வந்தது. கூலி 450 ராண்ட். அது மின்வெட்டு உச்சத்தில் இருந்த வாரம். தொழிற்பேட்டை முழுக்க இருட்டு, ஏடிஎம் வேலை செய்யவில்லை, என் பையில் இருந்தது 60 ராண்ட். வங்கி அட்டைகள் இரண்டு இருந்தன, ஆறு ஆண்டு வங்கிக் கணக்கின் வரலாறு இருந்தது. நாளை கொடுக்கிறேன் என்றேன். ஓட்டுநர் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு சிசியைப் பார்த்தார்.

"இவருக்கு நான் பொறுப்பு" என்றார் சிசி.

ஓட்டுநர் நோட்டைத் திறந்து, மெத்தை, நாற்காலி, குக்கர் என்று வரிசையாக எழுதினார். எதிரே 450. கடன்காரர் பெயர் என்ற இடத்தில் என் பெயரைக் கேட்கவில்லை. சிசியின் பெயரை எழுதிவிட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டத் தொடங்கினார்.